கம்பெனியில் மிஞ்சிய ஸ்பிரிங்க்ளரை வீட்டில் மாட்டலாமா?

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் போன ஐப்பசியில் போன் செய்தார். அவருடைய புதுக் கட்டடத்தில் தீயணைப்புக் குழாய் வேலை பார்த்தது எங்கள் ஆட்கள்தான். "ஏனுங்க, நம்ம கம்பெனி வேலையில ஸ்பிரிங்க்ளர் ஹெட்டு ஒரு பத்து மிச்சமாக் கெடக்குதுங்க. அவினாசிப் பக்கம் வீடு கட்டிக்கிட்டிருக்கறேன். அதையே அங்க மாட்டிப்போடுங்க. காசு குடுத்து வாங்குனது வீணாப் போகக்கூடாது பாருங்க" என்றார்.

நியாயமான பேச்சுதான். கம்பெனிக் குழாயில் மாட்டும் டேப்பை வீட்டுக் குழாயில் மாட்டினாலும் தண்ணீர் வரத்தான் செய்யும். டியூப்லைட்டும் அப்படித்தான். ஸ்பிரிங்க்ளர் மட்டும் ஏன் அப்படி இல்லை? அவருக்கு விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு கோவையில் ஒரு அபார்ட்மெண்ட் சங்கத்துக்காரர்கள் இதையே வேறு மாதிரிக் கேட்டார்கள். அப்புறம் ஒரு இன்ஜினியரும் கேட்டார். சரி, ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அதற்கு முன்னால் பெயரில் உள்ள ஒரு குழப்பம். பொங்கலூர், குண்டடம் பக்கம் போய் ஸ்பிரிங்க்ளர் என்றால் சின்ன வெங்காயக் காட்டில் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிப்பதைத்தான் காட்டுவார்கள். மோட்டாரைப் போட்டால் அந்த லைனில் உள்ளதெல்லாம் சேர்ந்து தெளிக்கும். கட்டடத்து ஸ்பிரிங்க்ளர் என்பது தீப்பிடித்தால் தண்ணீர் தெளிப்பதற்காகக் கூரைக்கடியில் ஓடும் குழாய் ஏற்பாடு, அதில் தண்ணீர் தெளிக்கும் முனைதான் ஹெட். அது அப்படிச் செய்யாது. தீப்பிடித்தால் கட்டடம் முழுக்க மழை கொட்டும் என்று நினைப்பவர்கள் காட்டு ஸ்பிரிங்க்ளரையும் சினிமாவையும் பார்த்தே நினைக்கிறார்கள்.

குக்கர் வால்வின் பங்காளி

குக்கர் மூடியில் வெயிட் தவிர ஒரு சின்ன சேஃப்டி வால்வு இருக்கும். தண்ணீர் வற்றிக் குக்கர் மிஞ்சிச் சூடானால் அதில் இருக்கும் உலோகம் உருகி ஆவிக்கு வழிவிடும். யாரும் பட்டன் அழுத்த வேண்டியதில்லை, கரண்டும் வேண்டியதில்லை. ஒருமுறை உருகிவிட்டால் புதிதுதான் வாங்கி மாட்ட வேண்டும். ஸ்பிரிங்க்ளர் ஹெட்டும் இதே வகையறா.

கூரைக்கு அடியில் ஓடும் குழாயில் எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும். ஹெட்டின் வாயை ஒரு மூடி அடைத்திருக்கும். அந்த மூடி பிடுங்கிக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்து நிற்பது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு கண்ணாடிக் குப்பி. அதற்கு பல்ப் என்று பெயர். உள்ளே கிளிசரின் கலந்த திரவமும் ஒரு காற்றுக்குமிழும் இருக்கும். சூடு ஏற ஏறத் திரவம் விரியும், குமிழ் சுருங்கும். குமிழ் காணாமல் போனபின் விரிய இடமில்லாமல் பல்ப் நொறுங்கும். மூடி தெறித்து விழ, தண்ணீர் பாயும். பாயும் தண்ணீரைக் குடைபோல விரித்துவிடுவது ஹெட்டின் நுனியில் பூவிதழ் மாதிரி வெட்டுவெட்டாக இருக்கும் தகடு. அதை டிஃப்லெக்டர் என்பார்கள்.

எத்தனை டிகிரியில் உடையும் என்பதைப் பல்பின் நிறமே சொல்லிவிடும். ஆரஞ்சு என்றால் 57, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141 டிகிரி. நாம் அதிகம் பார்ப்பது சிவப்பு. எங்கள் பக்கம் இதில் ஒரு கவனம் வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தரையில் 40 டிகிரி என்றால் கூரையை ஒட்டி அதைவிட எவ்வளவோ கூடுதலாக இருக்கும். அந்த இடத்தின் உச்சச் சூட்டுக்கும் பல்ப் உடையும் சூட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 30 டிகிரி இடைவெளி விட்டுத்தான் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கரூரிலோ ஈரோட்டிலோ தகர ஷெட்டில் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பை மாட்டக்கூடாது, மஞ்சளோ பச்சையோ சரியாக இருக்கும். சாயப்பட்டறையில் துணியை அனலில் காயவைக்கும் ஸ்டென்டர் மெஷினுக்கு மேலே இன்னும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

"பீடி பத்தவெச்சா ஊத்திருமுங்களா?" என்று ஒருமுறை பேக்கிங் செக்‌ஷன் பெரியவர் ஒருவர் கேட்டார். ஊற்றாது. புகை என்பதே அதற்குத் தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும். அந்தச் சூடும் கூரை உயரத்தில், அந்தப் பல்பைச் சுற்றி இருக்க வேண்டும். எங்கே தீயோ அங்கே இருக்கும் ஹெட் மட்டும் திறக்கும், தீ பெரிதானால் பக்கத்தில் இருப்பது திறக்கும். பெரும்பாலான தீ ஒன்றிரண்டு ஹெட்டிலேயே அடங்கிவிடுகிறது. எல்லா ஹெட்டும் ஒரே நேரத்தில் திறந்தபடி தெளிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றுக்காக வைப்பது அது. இந்தக் கட்டுரைக்கு அது வேண்டாம்.

இதுவரை சொன்னது வீட்டுக்கும் கம்பெனிக்கும் பொது. சூட்டுக்கு உடையும் பல்ப், உடைந்த இடத்தில் மட்டும் தண்ணீர், புகையோடு சம்பந்தமில்லை. வித்தியாசம் இனிமேல்தான்.

யாருக்காக இந்தத் தண்ணீர்?

கேட்பவர்களில் பலரும் வித்தியாசத்தை அளவில் தேடுகிறார்கள்: கம்பெனிக்குப் பெரிது, வீட்டுக்குச் சிறிது என்று. அளவு பிற்பாடு வருவது. முதல் கேள்வி, எதைக் காப்பாற்றுவதற்காக இதை மாட்டுகிறோம் என்பது.

ஸ்பிரிங்க்ளர் பிறந்ததே தொழிற்சாலைக்காக. நம் ஊருக்கு நெருக்கமான கதையும்கூட. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிப் பஞ்சாலைகளில் கூரை ஓரமாகத் துளை போட்ட குழாய்களை ஓட்டி வைத்திருந்தார்கள். தீப்பிடித்தால் ஒருவர் ஓடிப்போய் வால்வைத் திறப்பார், எல்லாத் துளையிலும் தண்ணீர் ஒழுகும். எரிந்த பஞ்சைவிட நனைந்த பஞ்சு அதிகமாயிருக்கும். 1874-இல் ஹென்றி பார்மெலி என்பவர் தன் பியானோ தொழிற்சாலையைக் காப்பாற்றுவதற்காகச் சூட்டில் தானே திறக்கும் ஹெட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். கோவையில் முதல் நூற்பாலை வந்தது அதற்கு 14 வருடம் கழித்து, 1888-இல். 1896-இல் அமெரிக்காவில் இதற்கான விதிமுறை எழுதப்பட்டது. இன்று என்.எஃப்.பி.ஏ. 13 (என்.எஃப்.பி.ஏ. என்பது அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம்) என்று உலகம் முழுக்கப் புரட்டும் விதிநூல் அந்த வழியில் வந்ததுதான். நம் நாட்டு விதிநூல் ஐ.எஸ். 15105.

ஒன்று அல்லது இரண்டு குடும்பம் வசிக்கும் வீட்டுக்கென்று தனி விதிநூல், என்.எஃப்.பி.ஏ. 13டி, வந்தது 1975-இல். ஏறத்தாழ 80 வருடம் பிந்தி! அந்த 80 வருடமும் வீட்டைப் பற்றி யாரும் நினைக்கவில்லை என்பதல்ல காரணம். கம்பெனிக்கென்று செய்ததை வீட்டில் மாட்டினால் செலவு தாங்காது, உள்ளே இருக்கும் ஆளும் பிழைப்பது சந்தேகம்.

அது ஏன் என்று பார்ப்போம். கம்பெனியில் தீ என்றால் விழித்திருக்கும் ஆட்கள் இருப்பார்கள், இரண்டு பக்கமும் படிக்கட்டு இருக்கும், பெரிய ஹாலில் புகை மேலே போய்ச் சேர இடம் இருக்கும். ஸ்பிரிங்க்ளரின் வேலை தீயைச் சுற்றி வளைத்து, பரவவிடாமல், தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை பிடித்துவைப்பது. அதனால் ஆளும் தப்பலாம், கட்டடமும் மெஷினும் மிஞ்சும்.

வீட்டில் தீ ராத்திரியில் வரும். 12க்கு 12 அறை, சாத்திய கதவு, தூங்கும் பிள்ளைகள், எழுந்து நடக்க முடியாத பாட்டி. இன்றைய சோபாவும் மெத்தையும் பஞ்சு அல்ல, ஃபோம். அது எரிந்தால் சில நிமிடத்திலேயே கூரைக்கு அடியில் 500, 600 டிகிரிச் சூட்டில் புகை தேங்கும். அந்தச் சூடு கீழே இறங்கி, அறையில் உள்ள மேஜை, திரை, துணி எல்லாம் ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். இதற்கு ஃப்ளாஷ்ஓவர் என்று பெயர். அது நடந்த அறையில் யாரும் உயிரோடு இருக்க முடியாது. வீட்டு ஸ்பிரிங்க்ளருக்குக் கொடுத்திருக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான்: ஃப்ளாஷ்ஓவர் வராமல் தடுத்து, வீட்டில் உள்ளவர்கள் வெளியே போகப் பத்து நிமிடம் வாங்கிக்கொடுப்பது. டிவியும் கட்டிலும் போனால் போகட்டும்.

கம்பெனி ஏற்பாடு ஆளோடு சேர்த்துச் சொத்தையும் காக்கப் பார்க்கும், வீட்டு ஏற்பாட்டுக்கு உயிர் மட்டும்தான் கணக்கு. மற்ற எல்லா வித்தியாசமும் இதன் பிள்ளைகள்.

டம்ளரும் அண்டாவும்

ஒரே அடுப்புச் சூட்டில் டம்ளர் தண்ணீர் முதலில் கொதிக்கும், அண்டாத் தண்ணீர் மெதுவாகத்தான். பல்பும் அப்படியே. கம்பெனிகளில் வழக்கமாக மாட்டும் சாதாரண ஹெட்டின் பல்ப் 5 மில்லிமீட்டர் தடிமன். வீட்டு ஹெட்டில் 3 மில்லிமீட்டர். இரண்டிலும் 68 என்றே எழுதியிருந்தாலும், மெல்லிய பல்ப் அந்தச் சூட்டை முன்னதாகவே எட்டிவிடும். பெரிய ஹாலில் அந்தத் தாமதம் ஒன்றும் பெரிதில்லை. சாத்திய படுக்கையறையில் அதுதான் உயிருக்கும் பிணத்துக்கும் உள்ள தூரம். போன் செய்த பனியன் கம்பெனி நண்பரிடம் மிஞ்சிய பத்து ஹெட்டும் 5 மில்லிமீட்டர்.

மெல்லிய பல்பைப் பார்த்ததுமே வீட்டு ஹெட் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஹோட்டல் அறைகளிலும் இன்று வேகமாக உடையும் பல்ப்தான் மாட்டுகிறார்கள். வீட்டு ஹெட்டுக்கு இன்னொரு குணமும் வேண்டும். அது டிஃப்லெக்டரில் இருக்கிறது.

கம்பெனி ஹெட் தண்ணீரைப் பெரும்பாலும் கீழே, தரையை நோக்கிக் கொட்டும். எரிவது தரையில் கிடக்கும் சரக்கு என்பதால் அதை நனைக்க வேண்டும். வீட்டு ஹெட் தண்ணீரை அகலமாக வீசும். சுவரில், கூரையிலிருந்து இரண்டரை அடிக்குள்ளேயே தண்ணீர் படும். வீட்டில் தீ தொடங்குவது பெரும்பாலும் சுவரை ஒட்டித்தானே: சோபா சுவரோரம், டிவி சுவரோரம், சாமி விளக்கு சுவரோரம், இஸ்திரிப் பெட்டியின் பிளக்கும் சுவரில். தீ சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறும். அதை மேலேயே நனைத்துவிட்டால் கூரைக்குப் போய்ச் சூட்டைச் சேர்க்காது. அகலமாக வீசுவதால் ஒரு படுக்கையறைக்கு ஒரே ஹெட் போதும். 16 அடிச் சதுரம், சிலது 20 அடிச் சதுரம் வரை தாங்கும். கம்பெனியில் சாதாரணமாக 12 சதுர மீட்டருக்கு ஒன்று, அதாவது சுமார் 130 சதுர அடிக்கு ஒன்று என்று நெருக்கமாக வரும்.

மறுபக்கக் கேள்வியும் உண்டு. வீட்டு ஹெட்டைக் கம்பெனியில் மாட்டினால் என்ன? சீக்கிரம் உடையுமே, நல்லதுதானே? கூடாது. அது மெல்லிய போர்வை மாதிரித் தண்ணீரை எங்கும் பரப்பும். கட்டிங் வேஸ்ட் மூட்டை எரியும்போது அந்த மெல்லிய தூறல் சூட்டிலேயே ஆவியாகிவிடும், எரியும் அடித்தளத்தை எட்டவே எட்டாது.

ஒரு சின்டெக்ஸ் டேங்கும் ஒன்பது லாரியும்

எனக்குப் பிடித்த பகுதி இது. சொன்னதும் எல்லோர் முகமும் மாறும்.

வீட்டு விதிநூலின் கணக்கு: ஒரே நேரத்தில் அதிகபட்சம் 2 ஹெட் திறக்கும் என்று வைத்துக்கொள், 10 நிமிடத்துக்குத் தண்ணீர் வை. ஒரு ஹெட்டுக்கு நிமிடம் 50 லிட்டர் என்றால் 2 பெருக்கல் 50 பெருக்கல் 10. சரியாக ஆயிரம் லிட்டர். மொட்டைமாடியில் நிற்கும் ஒரு சின்டெக்ஸ் டேங்க்.

கம்பெனிக் கணக்கில் ஹெட்டை எண்ணித் தொடங்குவதில்லை. எரியும் பொருளைப் பார்த்து இடத்தை வகைப்படுத்துவார்கள். ஆபீஸ் மாதிரி இடம் லேசான ஆபத்து, தையல், நெசவு போன்றவை நடுத்தர ஆபத்து, உயர அடுக்கிய குடோன் பெரிய ஆபத்து. நடுத்தர ஆபத்துக்கு நம் நாட்டில் வெகுகாலமாகப் போடும் கணக்கு இது: ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் விழ வேண்டும், 360 சதுர மீட்டர் ஒரே நேரத்தில் எரிவதாக வைத்துக்கொள், ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற அளவைத் தெளிப்பு அடர்த்தி என்பார்கள். 5 பெருக்கல் 360, நிமிடத்துக்கு 1,800 லிட்டர். 60 நிமிடத்துக்கு 1,08,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஒன்பது லோடு. 12 சதுர மீட்டருக்கு ஒரு ஹெட் என்றால், இந்தக் கணக்கில் 30 ஹெட் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. நிஜத்தில் அவ்வளவு திறப்பது அபூர்வம், ஆனால் திறந்தாலும் தண்ணீர் தீரக்கூடாது என்பதற்கான கணக்கு.

திருப்பூரில் தண்ணீரின் விலை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். அந்த ஒரு லட்சம் லிட்டரைத் தோட்டத்துக்கோ கக்கூசுக்கோ எடுத்துவிடாதபடி தனித் தொட்டியாகவோ, எடுக்கும் குழாயை அந்த மட்டத்துக்கு மேலேயே வைத்தோ காக்க வேண்டும். கோடையில் "கொஞ்சம் எடுத்துக்கலாம், மழை பேஞ்சா நெப்பிக்கலாம்" என்று தொட்டியைப் பாதியாக்கிய இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது கூரையில் தொங்குவது ஸ்பிரிங்க்ளர் அல்ல, அலங்காரம்.

தண்ணீர் மட்டும் இருந்து பிரயோஜனமில்லை, அழுத்தமும் வேண்டும். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீருக்கு (சதுர சென்டிமீட்டருக்கு) ஒரு கிலோ அழுத்தம் என்பது பம்ப் வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. மாடி டேங்க் கூரை ஹெட்டுக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர்தான் இருக்கும். 0.2, 0.3 கிலோ. வீட்டு ஹெட்டுக்கே குறைந்தது அரைக் கிலோ வேண்டும். அதனால் "மேல டேங்க் இருக்குது, அப்படியே இறக்கிவிட்டா ஆச்சு" என்பது மேல்மாடிக்கு நடக்காது. ஒரு சின்ன பம்ப் வேண்டும், அது கரண்ட் போனால் என்னாகும் என்றும் யோசிக்க வேண்டும்.

கம்பெனியில் பம்ப் ரூமே தனி. பெரிய மின்சார பம்ப் ஒன்று, கரண்ட் போனால் ஓட டீசல் பம்ப் ஒன்று, பக்கத்தில் சின்னதாக ஜாக்கி பம்ப். இந்த ஜாக்கி என்னவென்று கேட்காதவர்கள் இல்லை. சைக்கிள் டியூப்பில் காற்று லேசாக இறங்க இறங்க இரண்டு அடி அடித்துவைக்கும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து அழுத்தம் குறைந்தால் ஜாக்கி கொஞ்சம் ஏற்றிவிட்டு நின்றுவிடும். நிஜமாகவே ஒரு ஹெட் திறந்து அழுத்தம் மடமடவென்று விழுந்தால் ஜாக்கியால் சமாளிக்க முடியாது, பெரிய பம்ப் தானே கிளம்பும். மின்சார பம்புக்கு இணைப்பு கட்டடத்தின் மெயின் ஸ்விட்சுக்கு முன்னாலிருந்தே வர வேண்டும். தீ என்றதும் யாராவது ஓடிப்போய் மெயினை இறக்குவார்கள், அப்போதும் பம்ப் ஓட வேண்டுமே.

குழாய் மேலே ஏறும் இடத்தில் ஒரு அலாரம் வால்வு இருக்கும். தண்ணீர் ஓடத் தொடங்கினால் அதில் கொஞ்சம் பிரிந்துபோய் ஒரு சக்கரத்தைச் சுற்றி மணியடிக்கும். கரண்டே இல்லாமல் அடிக்கும் மணி. வீட்டு ஏற்பாட்டில் இவ்வளவு கிடையாது: ஒரு பம்ப், ஒரு வால்வு, அவ்வளவுதான். அதனால் வீட்டில் புகை அலாரம் தனியாகக் கட்டாயம் இருக்க வேண்டும். ஸ்பிரிங்க்ளர் இருக்கிறதே என்று அதை விட்டுவிடக்கூடாது.

சுருக்கிச் சொன்னால், வீட்டுக்கு 2 ஹெட், 10 நிமிடம், ஆயிரம் லிட்டர். தையல் கம்பெனிக்கு ஒரு மணி நேரம், ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். நூறு மடங்கு. ஒன்றைச் சுருக்கி மற்றொன்றாக்க முடியாது.

அட்டைப்பெட்டி ஏறினால் கணக்கு மாறும்

கம்பெனி ஸ்பிரிங்க்ளர் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள்ளேயே பல வகை. அதில் எங்கள் ஊரில் அதிகம் தப்பு நடப்பது குடோனில்.

ஒரு ஹாலைத் தையல் செக்‌ஷன் என்று கணக்குப் போட்டுக் குழாய் ஓட்டியிருப்பார்கள். ஆர்டர் கூடும். மெஷின்களைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டு, ஹாலில் அட்டைப்பெட்டிகளை அடுக்குவார்கள். முதலில் ஆள் உயரம். ஏற்றுமதித் தேதி நெருங்க நெருங்கக் கூரையைத் தொடும். ஹெட் அதே ஹெட், பம்ப் அதே பம்ப், எரியும் பொருள் மட்டும் பல மடங்கு. உயரமாக அடுக்கிய பெட்டிகளின் இடுக்கில் தீ புகைபோக்கியில் போவது மாதிரி மேலே இழுக்கும். மேலிருந்து விழும் தண்ணீர் பெட்டிகளின் தலையை நனைக்குமே தவிர உள்ளே எரிவதைத் தொடாது. பஞ்சுப் பேல் இன்னும் மோசம். அடித்து இறுக்கிய பேலுக்கு உள்ளே தீ கனன்றுகொண்டே போகும், வெளியே நனைந்திருப்பதைப் பார்த்து அணைந்துவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போனவர்கள் விடியற்காலையில் திரும்பி ஓடிவந்திருக்கிறார்கள்.

ஆகவே ஒன்று, சரக்குக்கும் ஹெட்டின் டிஃப்லெக்டருக்கும் நடுவில் குறைந்தது ஒன்றரை அடி காலியாக இருக்க வேண்டும். குடை விரிய இடம் வேண்டாமா? பெட்டி ஹெட்டை முட்டிக்கொண்டு நின்றால் தண்ணீர் அந்த ஒரு பெட்டியை மட்டும் குளிப்பாட்டும். இரண்டு, உயர அடுக்கும் குடோனுக்கென்றே பெரிய வாய் கொண்ட ஹெட்கள் இருக்கின்றன. அவை மணி போன்ற பெரிய துளிகளைக் கொட்டும். பெரிய துளி மேலே வரும் அனலைக் கிழித்துக்கொண்டு அடிவரை போகும். அவற்றின் கீழே மூன்றடி காலி இடம் வேண்டும். வீட்டு ஹெட்டின் பொடித்தூறலுக்கு நேர் எதிர் இது. சரக்கின் உயரத்தையோ வகையையோ மாற்றினால் கணக்கைத் திரும்பப் போட வேண்டும் என்பதை முதலாளிகளிடம் நான் வாய் வலிக்கச் சொல்கிறேன். கேட்கும்போது தலையாட்டுவார்கள்.

எங்கே விட்டுவிடலாம்?

கம்பெனியில் கிட்டத்தட்ட ஒரு மூலையையும் விடக்கூடாது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எரியக்கூடிய பொருள் இருந்தால் அங்கேயும் வேண்டும். மூடாத ஒரு மூலையில் தீ பெரிதாக வளர்ந்து வந்தால், வந்து சேரும்போது அதை அடக்கும் அளவுத் தண்ணீர் இருக்காது.

வீட்டு விதிநூல் இதில் தாராளம். சின்னக் குளியலறை, துணி அலமாரி அறை, ஆள் வசிக்காத பரண், கார் ஷெட் போன்றவற்றை விட்டுவிடலாம் என்கிறது. சோம்பேறித்தனமல்ல. ஆட்கள் செத்துப்போவது எந்த அறையில் தொடங்கிய தீயால் என்று பார்த்து எழுதியது. ஹால், படுக்கையறை, சமையலறை, இவைதான் முக்கியம்.

குழாயிலும் வித்தியாசம் உண்டு. கம்பெனியில் கனமான இரும்புக் குழாய், சிவப்புப் பெயிண்ட். வீட்டில் இதற்கென்றே வரும் ஆரஞ்சு நிற சி.பி.வி.சி. என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய் போதும். வீட்டுக் குழாய்த் தண்ணீர் லைனோடு இதைச் சேர்த்தே ஓட்டவும் வழியிருக்கிறது. அழகுக்கு, கூரையோடு கூரையாக ஒரு தட்டு மூடியிருக்கும் வகையும் வீட்டுக்குக் கிடைக்கிறது. சூட்டில் முதலில் தட்டு கழன்று விழும், பிறகு ஹெட் வேலை செய்யும். பெயிண்டர் வந்து அந்தத் தட்டையும் கூரையையும் சேர்த்து ஒரே அடியாகப் பூசிவிட்டால் தட்டு ஒட்டிக்கொள்ளும். ஹெட் மேலே பெயிண்ட் பட்டால் அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அபார்ட்மெண்ட் எந்தப் பக்கம்?

கோவை அபார்ட்மெண்ட் சங்கத்தாரின் கேள்வி இது. "குடும்பங்கள்தானே இருக்கறோம், அப்ப வீட்டு வகைதானுங்களே?" என்றார்கள்.

ஆட்கள் வசிப்பது மட்டும் இதைத் தீர்மானிக்காது. அமெரிக்க விதிநூல்களில் நடுவில் இன்னொன்று இருக்கிறது, 13ஆர் என்று. நான்கு மாடி வரையிலான குடியிருப்புகளுக்கு அது. 4 ஹெட், 30 நிமிடம் என்பது அதன் கணக்கு. அதற்கு மேலே உயர்ந்தால் முழுக் கம்பெனி விதிநூலான 13-தான். காரணம் எளிது. தனி வீட்டில் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடலாம். பன்னிரண்டாம் மாடியிலிருந்து முட்டிவலியோடு ஒரு அம்மா இறங்கி வர எவ்வளவு நேரமாகும்? அதற்குள் கீழ்மாடித் தீ அணையாவிட்டாலும் அடங்கியாவது இருக்க வேண்டும்.

நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் படி 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமான கட்டடம் உயர்மாடிக் கட்டடம். தீப்பாதுகாப்பு நிபந்தனைகள் உயரத்தோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். அடித்தளக் கார் பார்க்கிங்கில் தொங்கும் ஹெட்களும், அவற்றுக்குத் தண்ணீர் தரும் பம்ப் ரூமும் கம்பெனி வகையைச் சேர்ந்தவை. அதனால் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் கம்பெனி வேலையே. சங்கத்துக்காரர்கள் பட்ஜெட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

தனி வீட்டுக்கு இங்கே ஸ்பிரிங்க்ளர் கட்டாயமில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2011 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளுக்குக் கட்டாயம், வேல்ஸ் நாட்டில் 2016 முதல். அங்கே மர வீடு அதிகம், இங்கே செங்கல்லும் கான்கிரீட்டும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சுவர் எரியாது என்பது உண்மைதான். எரியும் ஃபோம் சோபாவுக்கு அந்தச் சுவர் எதுவானால் என்ன?

மாட்டிய பிறகு

வீட்டு ஏற்பாட்டுக்குப் பெரிய பராமரிப்பு இல்லை. வால்வு திறந்திருக்கிறதா, பம்ப் ஓடுகிறதா, டேங்க் நிறைந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்தால் போதும். ஹெட்டில் கொடி கட்டித் துணி காயப்போடாமல் இருந்தால் இன்னும் நல்லது. சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்.

கம்பெனியில் வாராவாரம் பம்பை ஓட்டிப் பார்க்க வேண்டும், வால்வுகளைத் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். ஸ்பிரிங்க்ளர் இருந்தும் எரிந்துபோன கட்டடங்களின் கதையில் மூடிக்கிடந்த வால்வு அடிக்கடி வரும். பஞ்சாலைகளுக்கு இன்னொரு தொல்லை, பஞ்சுத் தூசி. ஹெட்டின் மேலே கம்பளி போர்த்தினாற்போலப் படிந்துவிடும். கம்பளி போர்த்திய பல்புக்குச் சூடு எப்போது உறைக்கும்? ஹெட்டைத் தொடாமல் வேக்குவம் வைத்தோ காற்றடித்தோ எடுக்க வேண்டும். துணியால் அழுத்தித் துடைக்கப்போய் பல்ப் உடைந்தால் அந்த ஹால் குளம்தான்.

அப்புறம் அந்தப் பத்து ஹெட்.

ஹெட் ஒருமுறை திறந்தால் திரும்ப உதவாது. ஃபோர்க்லிஃப்ட் இடித்தோ ஏணி பட்டோ உடைவதும் உண்டு. அன்றைக்கே புதிதை மாட்டினால்தான் லைனைத் திரும்பத் திறக்க முடியும். அதனால் கம்பெனி விதிநூல் பம்ப் ரூமில் உபரி ஹெட் வைத்திருக்கச் சொல்கிறது. 300 ஹெட்டுக்குக் குறைவான இடத்தில் 6, 300 முதல் 1,000 வரை 12, அதற்கு மேல் 24. எந்தெந்த வகை மாட்டியிருக்கிறதோ அந்தந்த வகையில், ஒரு பெட்டியில், மாட்டுவதற்கான தனிச் சாவியோடு.

நண்பரின் கம்பெனியில் மாட்டியிருப்பது 420.

"அப்ப பத்து பத்தாதுங்களா?" என்றார். இன்னும் இரண்டு வாங்கச் சொன்னேன். வீட்டுக்கு எத்தனை வேண்டும் என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை அவினாசிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.